கடைசிப் பீரியடில் மாற்றி வைத்த திரை

பள்ளிக்கூடத்து ஸ்டோர் அறையில், கால் ஒடிந்த பெஞ்சுகளுக்கும் மதியச் சோற்றுக்கான அரிசி மூட்டைகளுக்கும் பின்னால், அந்தத் திரை இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மரச்சட்டத்தில் கெட்டித் துணியை இழுத்து ஆணியடித்து மேலே பச்சைப் பெயின்ட் பூசிய மூன்று துண்டுகள். பெயின்ட் இப்போது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. நடுத்துண்டில், சின்னப் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒரு ஓட்டை உண்டு. அதை எந்தப் பக்கத்துப் பிள்ளை குத்தியது என்பது அந்தக் காலத்தில் பெரிய வழக்கு. மலையாளம் பக்கத்துப் பிள்ளைகள் தமிழ்ப் பக்கத்தைச் சொல்வார்கள், என் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கைகாட்டுவார்கள். நானும் பல நாள் நீதிபதியாக உட்கார்ந்து பார்த்தேன், தீர்ப்பு வந்தபாடில்லை. இரண்டு பக்கமும் கண்ணை வைத்துக்கொண்டுதான் இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மாநில எல்லைக்கு மலையாளப் பக்கத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து ரப்பர் மரங்களுக்குள் இறங்கிப் போகிற பாதையில் இருக்கிறது எங்கள் அரசு ஆரம்பப் பள்ளி. நான் ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது அதில் ஒரு நீள ஹாலும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டடமும்தான். ஹாலின் நடுவே திரை. ஒரு பக்கம் தமிழ் டிவிஷன், மறுபக்கம் மலையாளம் டிவிஷன். தமிழ்ப் பக்கத்தில் பிள்ளைகள் குறைவு என்பதால் ஒன்றாம் வகுப்பு முதல் நாலாம் வகுப்பு வரை எல்லாரும் என் முன்னால் ஒன்றாகவே இருப்பார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு வேனில் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விடும். எங்களுக்கு மிஞ்சியது ரப்பர் வெட்டுகிறவர், கொத்தனார், மீன் விற்கிறவர், தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள், இவர்களுடைய பிள்ளைகள். மிஷன் சபைக் குடும்பங்களும் இருந்தன, கோயிலுக்கு விளக்கு வைக்கிற குடும்பங்களும் இருந்தன. அப்பன் ஒரு மொழியும் அம்மை ஒரு மொழியுமாகச் சண்டை போடுகிற வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அழுகைக்கு ஒரு மொழி, கெஞ்சலுக்கு ஒரு மொழி.

எங்கள் பக்கத்தில் பாடம் நடத்துகிற பெண்களும் சார்தான். டீச்சர் என்று கூப்பிட்டால் ஏதோ வெளியூர்க்காரர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். அதனால் நான் தமிழ் சார், தலைமையாசிரியை பெரிய சார். பெரிய சாரின் ஊர் பெருங்கடவிளை. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் ஆண்கள் பிடிக்கிற நீளக் குடை, தோளில் பெரிய தோல்பை. பைக்குள் பாதி இடத்தைச் சோற்றுப் பாத்திரமும் மீதி இடத்தைப் பிள்ளைகளுக்கான கடலை மிட்டாயும் பிடித்துக்கொள்ளும். நடையில் வேகம், கோபத்தில் அதைவிட வேகம், கோபம் ஆறுவதில் இரண்டையும்விட வேகம். அவர் பிறந்ததும் படித்ததும் வீட்டில் பேசுவதும் மலையாளம். தமிழ் பேசுவார், ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது.

நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்கிற புதிய ஆட்களுக்குச் சிரிப்பு வரும். நான் தமிழ்க்காரி என்பதால் அவர் என்னிடம் தமிழில்தான் பேசுவார். அவர் மலையாளி என்பதால் நான் அவரிடம் மலையாளத்தில்தான் பேசுவேன். யாரும் யாரிடமும் இப்படிச் செய் என்று சொல்லவில்லை. அது எங்கள் ஊர் மரியாதை. தமிழ் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் மலையாளத்துக்கு மாறிவிடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்துவிட்டால் பேச்சு அப்படியே தமிழுக்குத் திரும்பும். வந்தவருக்கு நாற்காலி எடுத்துப் போடுவது போலத்தான் இதுவும். பெரிய சாரும் நானும் இத்தனை வருஷம் ஒருவருக்கொருவர் நாற்காலி போட்டுக்கொண்டே இருந்தோம், அதில் உட்கார்ந்தது யாரும் இல்லை.

கடைசிப் பீரியடில் திரையை ஓரமாக மாற்றுவது அவர் கொண்டுவந்த வழக்கம். மூன்று மணி தாண்டியதும் திரையின் ஓரத்தில் வந்து நிற்பார். அவர் பள்ளிக்கே தலைவர், என்னிடம் கேட்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் கேட்பார்: “மாத்துவமா மக்கா?” நான் மலையாளத்தில் “மாற்றாம் சாறே”, மாற்றலாம் சார், என்பேன். உடனே பெரிய பிள்ளைகள் ஓடிவந்து திரையின் மூன்று துண்டையும் சுவரோரம் கொண்டுபோய்ச் சாய்த்துவிடும். ஹால் ஒன்றாகிவிடும். அப்புறம் வாய்ப்பாடு, கதை, பாட்டு. இந்தப் பக்கத்துப் பிள்ளை தமிழில் ஒரு கதை சொன்னால் அந்தப் பக்கத்துப் பிள்ளை அதையே மலையாளத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும், மறுநாள் மாறி வரும். நரி மட்டும் இரண்டு கதையிலும் ஒரே மாதிரி ஊளையிடும். பரிசோதனைக்கு வந்த ஒரு அதிகாரி, இரண்டு மீடியம் கலந்தால் பிள்ளைகள் குழம்பிப்போகாதா என்று கேட்டார். பெரிய சார் அவரிடம் மலையாளத்தில் மிகவும் பணிவாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “கேக்கட்டு மக்கா. கேட்டா காது தேயாது.” அந்தச் சொல்லை அவர் எத்தனை இடத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! சத்தம் அதிகம் என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னாலும் இதுதான் பதில்.

ஆனால் தமிழ் டிவிஷனின் உயிர் ஒவ்வொரு ஜூன் மாதமும் நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலையெண்ணுவார்கள். அன்று வகுப்பில் எத்தனை பிள்ளை உண்டோ அதுதான் அந்த வருஷத்துக் கணக்கு. அதை வைத்துத்தான் டிவிஷன் இருக்குமா, ஆசிரியர் இருப்பாரா என்பது முடிவாகும். அதனால் மே மாத வெயிலில், மற்றவர்கள் மாம்பழம் தின்கிற காலத்தில், நாங்கள் இருவரும் ஒரே குடையில் வீடு வீடாக ஏறி இறங்குவோம். உதியன்குளங்கரைச் சந்திப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பாதையாக இறங்குவோம். எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு எப்போது ஐந்து வயது முடிகிறது என்பது பெரிய சாருக்குத் தெரியும். எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே எலுமிச்சை பிழிந்து நாரங்காத் தண்ணீர் கலக்கிற வீடுகள் உண்டு, கதவைச் சாத்துகிற வீடுகளும் உண்டு. சாத்திய வீட்டுக்கு முன்னால் நின்று, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி, “நாளைக்கு வாறோம், கேட்டியளா” என்று சொல்லிவிட்டு வருவார். மறுநாள் நிஜமாகவே போய் நிற்போம்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். தமிழில் படித்தால் பிள்ளை கரையேறுமா? அதற்கு வாயால் பதில் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஒரு மே மாதம் நடந்து களைத்துப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது பெரிய சார் ஒரு முடிவுக்கு வந்தார். “வாயால சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. தமிழ் கிளாஸுக்க பிள்ளை ஒண்ணு ஸ்காலர்ஷிப் வாங்கட்டு. அப்பம் பாப்போம், எவன் கதவ சாத்துதான்னு.” நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற ஸ்காலர்ஷிப் தேர்வு அது. எங்கள் பள்ளியில் அதுவரை இரண்டு பக்கத்திலும் யாரும் வாங்கியதில்லை. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் எனக்கும் அது நடந்துவிடும் போலத்தான் இருந்தது.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அப்பா ரப்பர் வெட்டு, அம்மா தொழிலுறப்பு. ஒல்லியான பிள்ளை, காதில் வேப்பங்குச்சி, எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் ஒப்புக்கொள்வாள். அந்த வருஷம் முழுக்கக் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே பெரிய சார் வந்துவிடுவார். கணக்கும் பொது அறிவும் அவர் நடத்துவார், நான் தமிழ். பாடப்புத்தகம் தமிழில் இருக்கும், பெரிய சாருக்கு வாசிக்க வராது. அந்தச் சிறுமியே கேள்வியை உரக்க வாசிப்பாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, விடைக்கு வழி சொல்வார். ஒருவர் வாசிக்க ஒருவர் விளக்க, எதிரெதிரே இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று தெரியாது. தேர்வில் அவள் ஜெயித்தாள். செய்தி வந்த அன்று பெரிய சார் குடையை மறந்து பள்ளியிலேயே விட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

சந்திப்பில் அவள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தோம், இரண்டு மொழியிலும். பள்ளியில் பாராட்டு விழா. பஞ்சாயத்து ஆட்கள் வந்தார்கள், வடக்கே மலபார்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த கல்வி அதிகாரி வந்தார். முக்கியமாக, நாங்கள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டும் வராத அம்மாக்கள் எல்லாரும் இடுப்பில் குழந்தையோடு வந்து ஹால் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். திரை அன்று காலையிலேயே சுவரோரம் போய்விட்டது. தமிழ் வகுப்புப் பிள்ளை தமிழில் நன்றி சொல்ல வேண்டும், அதை இந்த அம்மாக்கள் கேட்க வேண்டும், அதுதான் எங்கள் திட்டம். நான் எழுதிக் கொடுத்ததை அவள் தூக்கத்திலும் சொல்வாள், அந்த அளவுக்குப் பழக்கியிருந்தேன்.

மேடையில் ஏறினாள். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். முன் வரிசையைப் பார்த்தாள். அங்கே தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒரு கணம்தான் நின்றாள். பிறகு வாயைத் திறந்து மலையாளத்தில் பேசினாள். நான் எழுதிக் கொடுத்தது முழுவதையும், ஒரு வரி விடாமல், அந்த இடத்திலேயே மலையாளமாக்கிப் பேசினாள். தடுமாற்றம் இல்லை, திக்கல் இல்லை. இத்தனை வருஷக் கடைசிப் பீரியடுகளின் நரிக்கதைகள் எல்லாம் அவள் நாக்கில் வந்து நின்றன. வந்தவருக்கு நாற்காலி போட்டாள், அவ்வளவுதான். அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, அவள் எங்கள் ஊர்ப் பிள்ளை. ஹால் முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன். பெரிய சார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி எழுந்து வந்து அவள் தலையில் கைவைத்தார். எங்கள் தலையில் என்ன விழுந்தது என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த மே மாதம் ஒரு கதவும் சாத்தவில்லை. எங்கு போனாலும் நாற்காலி, நாரங்காத் தண்ணீர், நேந்திரங்காய் வறுவல். பிள்ளையைச் சேர்க்கிறோம் சாறே, கட்டாயம் சேர்க்கிறோம் என்றார்கள். வேனில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளைக்கூட நிறுத்திக்கொண்டு வந்தார்கள். ஆனால் எல்லாரும் கேட்டது மலையாளம் டிவிஷனை. ஸ்காலர்ஷிப் வாங்கிய பிள்ளையின் வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். அங்கே அவள் தம்பி ஒன்றாம் வகுப்புக்கு நின்றான். அம்மா எங்கள் முகத்தைப் பார்க்காமல் முறத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “சாறே, மனசில ஒண்ணும் நினைக்கப்பிடாது. தமிழில படிச்சிட்டே இவ மலையாளம் இந்தக் கணக்கா பேசுதா. அப்பம் இவன நேரே மலையாளத்தில சேத்தா இன்னும் நல்லா வருவான்லா? தமிழு வீட்டில உண்டே. அது எங்க போவப்போவுது?” பெரிய சார் சேர்க்காதே என்று எப்படிச் சொல்வார்? அது அவருடைய பள்ளிதான், அந்த டிவிஷனும் அவருடையதுதான். திரும்பி வரும்போது குடையை விரிக்க மறந்து வெயிலிலேயே நடந்தோம்.

ஆறாவது நாள் வந்தது. பள்ளி பிறந்ததிலிருந்து காணாத கூட்டம். மலையாளம் பக்கத்தில் பெஞ்சு போதாமல் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பெஞ்சு காலி. பிள்ளை குறைந்த பள்ளிகளின் பட்டியலிலிருந்து எங்கள் பள்ளி அன்று தப்பித்தது, தமிழ் டிவிஷன் அன்றோடு தீர்ந்தது. எனக்குக் கோபம், யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தச் சிறுமிமேல் கோபப்பட முடியுமா? அவள் செய்தது நான் தினமும் செய்வதுதான். மூன்று மணி தாண்டியது. பெரிய சார் திரையோரம் வந்து நின்றார். என் மூத்த பிள்ளைகள் வழக்கம்போல் எழுந்தார்கள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். “இண்ணைக்கு மாத்தண்டாம் மக்கா. இருக்கட்டு.” அந்த ஒரு நாள் மட்டும் கடைசிப் பீரியடில் திரை நடுவே நின்றது. பெரிய சார் வந்து என் வகுப்பின் காலிப் பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னப் பெஞ்சு, முழங்கால் நெஞ்சுவரை வந்தது. நான் தமிழ்ப் பாடம் நடத்தினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். திரையின் ஓட்டையில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கண் வந்து வந்து போனது.

மீதியிருந்த தமிழ்ப் பிள்ளைகளை மலையாளத்துக்கு மாற்றினார்கள், என்னை நகரத்தில் உள்ள ஒரு தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெரிய சார் சில வருஷங்களில் ஓய்வு பெற்றார். நெய்யாற்றின்கரை வழியாகப் பேருந்தில் போய்வந்த அந்தக் காலத்தில், பெருங்கடவிளைக்கு ஏறி அவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று வாராவாரம் நினைப்பேன். போனது குறைவு. கடைசியாகப் போனபோது அவர் படுக்கையில் இருந்தார். அம்மை இப்போது யாரிடமும் பேசுவதில்லை, ஆளும் தெரிவதில்லை என்று மகள் சொன்னாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து மலையாளத்தில் நலம் விசாரித்தேன். என் பக்கம் திரும்பி, தெளிவாக, தமிழில் கேட்டார்: “ஆறாம் நாளு வந்தாச்சா மக்கா? பிள்ளைய உண்டா?” உண்டு சாறே, நிறைய உண்டு என்று மலையாளத்தில் சொன்னேன். அவர் சிரித்தார். அம்மை தமிழ் பேசி நான் கேட்டதே இல்லையே என்று மகள் ஆச்சரியப்பட்டாள். அந்த மழைக்காலம் தாண்டவில்லை, பெரிய சார் போய்விட்டார்.

பதவி உயர்வில் திரும்பி வந்து, இப்போது அதே பள்ளிக்கு நான் பெரிய சார். ஹாலைத் தடுத்துச் சுவர் வைத்து டைல்ஸ் போட்டாயிற்று, ஸ்மார்ட் போர்டு வந்தாயிற்று. பிள்ளைகளும் மாறிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பில் வருகை எடுத்தால் வங்காளத்துப் பெயர், ஒரியாப் பெயர், பீகார்ப் பெயர் எல்லாம் வருகிறது. ஹாலோ பிளாக் கம்பெனியிலும் ஹோட்டல்களிலும் வேலை பார்க்க வந்தவர்களின் பிள்ளைகள். தேர்வில் மலையாளத்தில் முதல் மதிப்பெண் வாங்குவதும் அவர்கள்தான் பல வருஷம். அந்த ஸ்காலர்ஷிப் சிறுமி வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு எனக்குத் தமிழில் வாழ்த்து அனுப்புவாள். அவள் தம்பி இங்கேயே இருக்கிறான். அவனும் அனுப்புவான், தமிழ்தான், மலையாள எழுத்தில். எங்கள் சபையிலும் இளம்பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். ராகம் சரியாக இருக்கிறது. நான் மட்டும் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

போன ஜூனில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். கணவனுக்கு இங்கே பேக்கரியில் வேலை. கையில் ஒரு பெண்குழந்தை. “டீச்சர், இங்க தமிழ் கிளாஸ் இருக்குன்னு சொன்னாங்களே, இருக்கா?” இருந்தது அம்மா என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. குழந்தையை மலையாளம் வகுப்பில் சேர்த்தேன். முதல் வாரம் அவள் யாரோடும் பேசவில்லை, என்னைக் கண்டால் மட்டும் ஓடிவந்து தமிழில் கொட்டித் தீர்ப்பாள். உண்மையைச் சொன்னால் நானும் அந்தக் குழந்தைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். ஏதாவது சாக்கில் ஒன்றாம் வகுப்பு வாசலில் போய் நிற்பேன். ஓணத்துக்கு முன்பு ஒரு நாள் மத்தியானம், கூடப் படிக்கிற ஒரு மலையாளிச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். சாப்பிட்டாயா மக்கா என்று தமிழில் கேட்டேன். குழந்தை தன் சிநேகிதியின் முகத்தை ஒரு தடவை பார்த்தது. பிறகு, சாப்பிட்டேன் என்பதை என்னிடம் மலையாளத்தில் சொன்னது: “கழிச்சு சாறே.” சிநேகிதிக்குப் புரிய வேண்டாமா? அவளுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றே மாதத்தில் அவளும் எங்கள் ஊர்க்காரி ஆகிவிட்டாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் ஏதோ இற்று விழுந்தது போலவும் இருந்தது. இதைச் சொல்ல ஒரே ஒருவர்தான் உண்டு, அவர் இல்லை. வேறு யாரிடம் சொன்னாலும் முதலிலிருந்து விளக்க வேண்டும். ஸ்டோர் அறையைத் திறந்து உள்ளே போனேன். அரிசி மூட்டையைத் தாண்டி, பெஞ்சுகளை நகர்த்தி, திரையின் நடுத்துண்டு முன்னால் நின்றேன். குனிந்து ஓட்டையில் கண்ணை வைத்தேன். அந்தப் பக்கம் சுவர்தான். அந்தக் காலத்தில் இந்தத் திரையை எப்போது எடுப்பார்கள் என்று நாள் முழுக்கக் காத்திருப்போம். இப்போது இதை ஒரு நாளாவது ஹாலின் நடுவே நிறுத்தி வைக்க முடியாதா என்று இருந்தது, மூன்று மணி வரைக்குமாவது. திரை இருந்தால்தானே மாற்றி வைக்க முடியும்.

வெளியே கடைசிப் பீரியடு மணி அடித்தது. திரையோரம் நின்று கேட்க இப்போது ஒருவரும் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் என் மொழியில் ஒரு சொல்லாவது பேசியிருக்கலாம், அன்று கட்டிலோரத்திலாவது. அந்த இருட்டறையில் நின்று, ஒரு தடவையாவது தமிழில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். “மாற்றாம் சாறே” என்று மலையாளத்தில்தான் வந்தது.